ஈட்டுதலும் ஈதலும்: நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருள்

இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் தம் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிறகு தமிழகத்தின் சிற்றூர்களில்கூட, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பைக் குறிக்கும் 'சிஎஸ்ஆர்' புழக்கச் சொல்லாகிவிட்டது. வகுப்பறைக்குக் கூரை தேடும் தலைமையாசிரியர், சுகாதார நிலையத்துக்கு ஸ்கேன் கருவி கேட்கும் மருத்துவர், கண்மாயைத் தூர்வார நினைக்கும் ஊராட்சித் தலைவர் என்று எல்லோரும் "சிஎஸ்ஆரில் கிடைக்குமா?" என்று விசாரிக்கிறார்கள். பல இடங்களில் கிடைக்கவும் செய்கிறது. அதனால் பயன்பெற்றவர்கள் ஏராளம். அந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல.

எனினும், ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கேள்வியை இந்த நிதி மெல்ல மறைத்துவிட்டது. லாபம் கைக்கு வந்த பிறகுதான் பொறுப்பு தொடங்குகிறதா? அந்த லாபத்தை ஈட்டிய பட்டறையிலும், கழிவுநீர் ஓடிய வாய்க்காலிலும், தொழிலாளிக்குக் கொடுத்த கூலியிலும் அது ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? பொறுப்பின் உயிர் ஈட்டும் முறையில் இருக்கிறது, ஈயும் முறை அதற்கு அடுத்த நிலையில்தான் வரும் என்பது என் நிலைப்பாடு. நம் சட்டம் ஈதலுக்கு மட்டும் கணக்குக் கேட்கிறது. இரண்டு கணக்குகளும் ஒரே மக்கள் முன், ஒரே நாளில் வைக்கப்பட வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. பெரும்பாலான சான்றுகளைத் தமிழகத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு இங்கே மண்ணும் நீரும் நேரடியாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

2. கருத்து வளர்ந்த வழி

இத்துறையின் முதல் நூலாகப் பலரும் சுட்டுவது, அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹோவர்ட் போவன் 1953இல் வெளியிட்ட, தொழிலதிபரின் சமூகப் பொறுப்புகள் பற்றிய நூலை. தொழிலதிபர் எடுக்கும் முடிவுகள் எண்ணற்ற மனிதரின் வாழ்க்கையைத் தொடுகின்றன. ஆகவே சமூகம் மதிக்கும் நோக்கங்களுக்கு இசைய அந்த முடிவுகள் அமைய வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். போவன் பேசியது நன்கொடையைப் பற்றி அல்ல, முடிவெடுக்கும் முறையைப் பற்றி என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு எழுந்த வலிமையான மறுப்பு மில்டன் ஃபிரீட்மனுடையது. 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே தொழிலின் சமூகப் பொறுப்பு என்றார். நிறுவன நிர்வாகி பங்குதாரர் பணத்தைப் பொதுக் காரியத்துக்குச் செலவிட்டால் அவர் வரி விதிக்கிறார், அந்த வரியை எதற்குச் செலவிடுவது என்றும் தாமே தீர்மானிக்கிறார். அந்த அதிகாரத்தை அவருக்கு அளித்தது யார் என்று கேட்டார். ஃபிரீட்மனை எளிதாக ஒதுக்கிவிடும் எழுத்துகள் நிறைய உண்டு. எனக்கு அவருடைய முடிவில் உடன்பாடில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது, இன்றைய இந்தியச் சட்டத்துக்கும் பொருந்துவது.

அவருடைய முடிவில் உள்ள குறை வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனம் என்பது பங்குதாரர்கள் தமக்குள் செய்துகொண்ட தனிப்பட்ட ஏற்பாடு மட்டுமல்ல. நிறுவனம் கடனில் மூழ்கினால் பங்குதாரர் தாம் போட்ட முதலை மட்டும் இழப்பார். அவருடைய வீட்டையோ நிலத்தையோ கடன்காரர் தொட முடியாது. இந்தப் பாதுகாப்பைச் சட்டத்தின் மூலம் அளித்தது சமூகம். நிறுவனம் ஏற்படுத்திய சேதம் அதன் சொத்தை மிஞ்சினால், மிச்சத்தைச் சுமப்பவர்கள் அந்தப் பகுதி மக்களும் அரசும்தான். 1984 போபால் விஷவாயுக் கசிவுக்கு 1989இல் 47 கோடி டாலர் என்று ஒரு தொகை பேசி முடிக்கப்பட்டது. அந்த நகரம் சுமந்ததும் இன்னும் சுமப்பதும் அந்தத் தொகையில் அடங்கவில்லை. இத்தகைய சலுகையைப் பெற்றவர், அதை அளித்தவருக்குக் கடமைப்பட்டிருக்கிறார். சமூகப் பொறுப்பின் அடிப்படை இதுதான் என்று கருதுகிறேன். இரக்கமும் கொடை மனமும் போற்றத்தக்கவை, ஆனால் அவை இல்லாத நிறுவனத்துக்கும் இந்தக் கடமை உண்டு.

1991இல் ஆர்ச்சி கேரல் வரைந்த நான்கு அடுக்குப் பிரமிடை மேலாண்மை மாணவர் எல்லோரும் அறிவர். அடியில் பொருளாதாரப் பொறுப்பு, அதன்மேல் சட்டப் பொறுப்பு, அதற்கு மேல் அறப் பொறுப்பு, உச்சியில் கொடை. இந்தியா செய்தது விசித்திரமான ஒன்று. கேரல் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்ட உச்சி அடுக்கைச் சட்டக் கட்டாயமாக்கிவிட்டு, ஏற்கெனவே கட்டாயமாக இருந்த இரண்டாம் அடுக்கை, அதாவது தொழிலாளர் சட்டங்களையும் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களையும், அமலாக்குவதில் தளர்ந்தே இருந்தது.

3. நம் வணிக மரபில் மகமை

இக்கருத்தை மேலைநாட்டு இறக்குமதி என்று சொல்பவர்கள் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைக் கடைவீதிகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். நாடார் வணிகர்கள் வாங்கும், விற்கும் சரக்கின் மீது சிறு தொகையை 'மகமை' என்று ஒதுக்கி ஊர்ப் பொதுநிதியில் சேர்த்தார்கள். அந்த நிதி உறவின்முறை எனப்பட்ட சாதிச் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. கோயிலும் கிணறும் பள்ளியும் அதிலிருந்து எழுந்தன. 1885இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அத்தகைய பொதுநிதியிலும், வீடுதோறும் திரட்டிய பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான்.

மகமையில் இரண்டு செய்திகள் இன்றைய விவாதத்துக்கு உதவுபவை. முதலாவது, அது லாபத்தின் மீது விதிக்கப்படவில்லை, வியாபாரத்தின் மீது விதிக்கப்பட்டது. அந்த வருடம் நஷ்டம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இரண்டாவது, கொடுத்தவரும் பயன்பெற்றவரும் ஒரே ஊரார். கணக்கு உறவின்முறைக் கூட்டத்தில் வைக்கப்பட்டது, கேள்வி கேட்பவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்தக் கூட்டத்தில் சொந்தச் சாதியின் ஆண்களுக்கு மட்டுமே இடமிருந்தது. பெண்களும் பிற சாதியாரும் அங்கே குரலற்றவர்கள். மகமையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கணக்கு வைக்கும் முறையை. அந்த வேலியை எடுத்துவர வேண்டியதில்லை.

கொங்கு நாட்டிலும் செட்டிநாட்டிலும் இந்த மனம் வேறு உருவில் வெளிப்பட்டது. கோவை பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கினார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு. இன்றைய பிஎஸ்ஜி கல்வி நிலையங்களும் மருத்துவமனையும் அதிலிருந்து வந்தவை. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இவையெல்லாம் பெருங்கொடைகள், வணங்கத்தக்கவை. இருப்பினும் தனிமனிதரின் கொடையையும் நிறுவனத்தின் பொறுப்பையும் பிரித்தே பார்க்க வேண்டும். கொடையைக் கொடுத்தவர் விரும்பினால் நிறுத்தலாம், பொறுப்பை அப்படி நிறுத்த முடியாது.

4. 135ஆவது பிரிவு: அமைப்பும் இடைவெளியும்

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்த 2009ஆம் ஆண்டின் டிசம்பரில் மத்திய நிறுவன விவகார அமைச்சகம் விருப்பத்தின் அடிப்படையில் பின்பற்றத்தக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன் அடுத்த படியே 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகளுக்கு என்பதை ஏழாவது அட்டவணை பட்டியலிடுகிறது: பசி ஒழிப்பு, கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல், பாரம்பரியம், விளையாட்டு, ஊரக வளர்ச்சி என்று நீளும். நாட்டின் மொத்தச் செலவு 2014-15இல் சுமார் 10,000 கோடியாக இருந்தது, 2022-23இல் சுமார் 30,000 கோடியாக உயர்ந்தது. கல்வியும் சுகாதாரமும் பெரும்பங்கைப் பெறுகின்றன.

தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரி 22 முதல் நிலை மாறியது. தொடரும் திட்டத்துக்கான மிச்சப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுகளுக்குள் செலவிட வேண்டும். மற்ற மிச்சத்தை ஆறு மாதங்களுக்குள் சட்டம் குறிப்பிடும் நிதிகளில் சேர்க்க வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. அந்த அபராதம் சேர்க்க வேண்டிய தொகையைப்போல் இரு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. 50 கோடியைச் சேர்க்கத் தவறிய நிறுவனத்துக்கும் உச்சவரம்பு 1 கோடிதான். பெரிய நிறுவனத்தை இந்தத் தொகை அசைக்காது.

எவையெல்லாம் சிஎஸ்ஆர் ஆகாது என்ற பட்டியல் இன்னும் கூர்ந்து படிக்கத் தக்கது. நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கை ஆகாது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் பணி ஆகாது. வேறு சட்டங்கள் விதித்த கடமையை நிறைவேற்றுவது ஆகாது. அரசியல் கட்சிக்குக் கொடுப்பதும் விளம்பர ஆதாயத்துக்கான நிதியுதவியும் ஆகா. தனித்தனியாகப் பார்த்தால் இந்த விலக்குகள் எல்லாம் நியாயமே. கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டு அதையே தர்மக் கணக்கில் எழுத யாரையும் அனுமதிக்கக் கூடாது. ஆனால் சேர்த்துப் பார்த்தால், ஆலையின் மதில் சுவருக்குள் நடக்கும் எல்லாமே 'சமூகப் பொறுப்பு' என்ற தலைப்பிலிருந்து வெளியேறிவிடுகின்றன. அறிக்கை முழுவதும் மதிலுக்கு வெளியே நடந்த நற்பணியைப் பற்றியதாகிறது.

பணம் எந்த ஊருக்குப் போகிறது என்பதிலும் சிக்கல் உண்டு. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அது கறாரான கட்டளையல்ல. தொழில் நிறைந்த மகாராஷ்டிரம் முதலிடத்தில் இருக்கிறது, வடகிழக்கு மாநிலங்களுக்கு மிகச் சிறு பங்கே போகிறது. அரசின் விருப்பமும் நிதியின் திசையைத் திருப்பும். 2020 கொரோனாப் பேரிடரில் பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதிக்குத் தரும் பணம் சிஎஸ்ஆர் ஆகும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தருவது ஆகாது என்று மத்திய அமைச்சகம் விளக்கம் தந்தது. ஊருக்கு அருகே உள்ள நிதி விலக்கப்பட்டு, தொலைவில் உள்ள நிதி சேர்க்கப்பட்டதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. குஜராத்தின் படேல் சிலைக்குப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து கொடுத்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் கேள்விக்குள்ளாக்கினார்.

ஃபிரீட்மனின் கேள்வி இங்கே திரும்ப வருகிறது. 2 சதவீதத்தை விதித்தது நாடாளுமன்றம். அந்த வகையில் விதிப்பு ஜனநாயகமானது. செலவைத் தீர்மானிப்பது இயக்குநர் குழு. யாருடைய பெயரில் அந்தப் பணம் ஒதுக்கப்படுகிறதோ அந்த மக்களிடம் அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்கும் கடமையைச் சட்டம் எங்கும் வைக்கவில்லை.

5. நற்பணி எதற்குச் சான்று?

ஹைதராபாதில் 2005இல் 108 ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கிய அமைப்பை நிறுவியவர் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு. 2008இல் அந்தச் சேவை தமிழகத்துக்கு வந்தது. விபத்தில் சிக்கியவரையும் பிரசவ வலியெடுத்த பெண்ணையும் அது எத்தனை முறை காப்பாற்றியிருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. 2009 ஜனவரி 7 அன்று அதே ராஜு, 7,000 கோடி ரூபாய்க்கு மேல் கணக்கில் பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டு பங்குச் சந்தைகளுக்குக் கடிதம் அனுப்பினார். நீதிமன்றம் பின்னர் அவருக்குத் தண்டனை விதித்தது. ஆம்புலன்ஸ் உண்மை, மோசடியும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாது. நற்பணியைப் பார்த்து நிறுவனத்தை நம்புகிற பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் காலத்தில் இல்லை.

கொடைக்கானல் இன்னும் வேதனையானது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1980களின் தொடக்கத்தில் அங்கே கொண்டுவரப்பட்டது; பின்னர் யூனிலீவர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொணர்ந்த பிறகு ஆலை மூடப்பட்டது. ஆலை நின்ற சரிவுக்குக் கீழே பாம்பார் சோலைக்காடு. முன்னாள் தொழிலாளர்கள் சிறுநீரக, நரம்புக் கோளாறுகளைச் சொல்லி முறையிட்டார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆலையால் கேடு நேரவில்லை என்றே நிறுவனம் கூறிவந்தது. 2010இல் அதே குழுமம் உலக அளவில் நிலைத்த வாழ்வுக்கான திட்டத்தை அறிவித்துப் பெரும் பாராட்டுப் பெற்றது. சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாடல் 2015இல் உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கருணைத் தொகைக்கான உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. மண்ணில் எவ்வளவு பாதரசம் மிஞ்சலாம் என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பை அறிய, அதன் உலகளாவிய அறிக்கையைவிட இந்த 15 ஆண்டுக் காத்திருப்பே நம்பகமான ஆவணம்.

6. நொய்யல் தந்த பாடம்

ஈட்டும் முறையில்தான் பொறுப்பின் உயிர் இருக்கிறது என்பதை நொய்யல் ஆறு தெளிவாகக் காட்டுகிறது. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கும் ஆறு இது. திருப்பூரின் பனியன் தொழில் 1980களில் ஏற்றுமதியில் இறங்கியபின் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் ஆற்றின் இரு கரைகளிலும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு ஏராளமாக வேண்டும். துணி சாயத்தை ஓரளவு ஏற்கும், உப்பை ஏற்காது. அந்த உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். நீரின் நிறத்தை நீக்குவது ஒப்பீட்டளவில் எளிது. கரைந்த உப்பை நீக்குவதுதான் கடினம், செலவும் அதிகம். தொடக்கத்தில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அது இயலவில்லை.

பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அணைக்குக் கீழே கிணறுகள் உப்பேறின, தென்னை பட்டது, ஆடுமாடு குடிக்க நீரில்லை. அணையிலிருந்து தண்ணீர் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணை கட்டித் தண்ணீருக்காகக் காத்திருந்த உழவர் அப்படிக் கேட்டார்கள் என்றால், அந்தத் தொழில் தன் கணக்கில் காட்டாத செலவு எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம். ஏற்றுமதி வருமானம் நகரத்துக்கு வந்தது. உப்பு கிழக்கே போனது.

அந்த உழவர்கள் நொய்யல் பாசனதாரர் பாதுகாப்புச் சங்கமாகத் திரண்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு சட்டக் கொள்கை கைகொடுத்தது. அதுவும் தமிழகத்தில் பிறந்ததுதான். பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் அறிவித்தது. நொய்யல் வழக்கில் 2006இல் உயர் நீதிமன்றம் கறாரான உத்தரவிட்டது, 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து மேலும் மூன்று மாத அவகாசம் தந்தது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலை வரும்வரை எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

ஊர் ஸ்தம்பித்தது. வேலையிழந்த தொழிலாளரின் துயரமும் பெரிது; அதை உழவரின் துயரத்துக்கு எதிராகத் தராசில் வைத்துப் பேசுவது தவறு. இருவரும் ஒரே தவறால் பாதிக்கப்பட்டவர்கள். பின்னர் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் கொண்ட நிலையங்கள் எழுந்தன. தமிழக அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. விதிமீறல் புகார்கள் இன்றும் வருகின்றன. ஆனாலும் நாட்டின் சாயத் தொழிலில் இவ்வளவு பெரிய அளவில் இந்த முறையை ஏற்ற முதல் நகரங்களில் ஒன்றாகத் திருப்பூரைச் சொல்லலாம்.

இந்த மாற்றம் சிஎஸ்ஆரால் வரவில்லை. 135ஆவது பிரிவு அப்போது பிறக்கவும் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் கேள்வி கேட்டார்கள், நீதிமன்றம் செவிசாய்த்தது, தொழில் தன் செலவைத் தானே ஏற்றது. ஆலைகள் அந்த 20 ஆண்டுகளில் அணைக்குக் கீழே எத்தனை பள்ளிகளைக் கட்டிக்கொடுத்திருந்தாலும் ஒரு கிணறுகூட இனித்திருக்காது.

7. வலைக்குள் வராதவர்கள்

நொய்யலைக் கெடுத்த பட்டறைகளில் பெரும்பாலானவை சிறியவை. இன்றைய வரம்புகளின்படி அவை 135ஆவது பிரிவுக்குள் வரமாட்டா. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு வகுத்த பொறுப்பு அறிக்கை பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். அங்கேயும் அவை இல்லை. சங்கிலியின் மறுமுனையில், பனியனுக்கு விலை நிர்ணயிக்கும் வெளிநாட்டு பிராண்டுகளும் நம் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அவர்கள் ஓர் உருப்படிக்குச் சில காசுகளைக் குறைத்தால் அந்தக் குறைவு உப்பாகவும் கூடுதல் நேர வேலையாகவும் இங்கே இறங்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப பிரான்ஸ் 2017இலும் ஜெர்மனி 2023 முதலும் தம் பெருநிறுவனங்கள் கொள்முதல் சங்கிலியைக் கண்காணிக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தன. ஆனால் நான் அதிக நம்பிக்கை வைப்பது நம் பெண்கள் போராடிப் பெற்ற ஓர் ஏற்பாட்டின் மீது. திண்டுக்கல் அருகே உள்ள ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்த வழக்கை விடாமல் பிடித்தது. 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் ஆலை நிர்வாகமும் சங்கமும் எச் அண்ட் எம், கேப் போன்ற பிராண்டுகளும் பங்கேற்றன. ஆலைக்குள் பாலியல் தொல்லையைக் கண்காணிக்க வேலை செய்யும் பெண்களுக்கே பயிற்சி தரப்பட்டது. புகாரை அலட்சியப்படுத்தினால் ஆலையின் வணிகமே பாதிக்கும் என்று பிராண்டுகள் கட்டுப்பட்டன. தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அதிகாரம் கொடுத்த ஏற்பாடு இது. சமூகப் பொறுப்பின் பொருளை இந்த ஒப்பந்தத்தைவிட நேராகச் சொல்லும் ஆவணம் எதையும் நான் படித்ததில்லை.

8. நிறுவனத்துக்கு என்ன பயன்?

இதை நீட்ட வேண்டியதில்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை ஊர்மக்களின் நம்பிக்கையை இழந்த பிறகு எந்த நலத்திட்டமும் அதை மீட்டுத்தரவில்லை. 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர்கள் போயின, ஆலை மூடப்பட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்க மறுத்தது. எதிர்த் திசையில் ஜாம்ஷெட்பூரைப் பார்க்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்கூட ஒரு நாள் வேலைக்கு ஒன்பது மணி நேரத்தையே உச்சவரம்பாக வைத்தது. டாடா எஃகு ஆலை 1912லேயே எட்டு மணி நேர வேலையை ஏற்றுக்கொண்டது. பொறுப்பாக நடப்பதால் நீண்டகால லாபம் உண்டு என்று மேலாண்மை நூல்கள் சொல்வது பல நேரங்களில் சரி. ஆனால் லாபம் இல்லாத இடத்திலும் பொறுப்பு பொறுப்பே. லாபத்தை மட்டும் காரணமாகக் காட்டி வாதிட்டால், லாபமில்லாத நாளில் வாதம் விழுந்துவிடும்.

9. செய்யத் தக்கது

சட்டத்தில் நல்ல விதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதே நிறுவனங்கள் சட்டத்தின் 166ஆவது பிரிவு, இயக்குநர்கள் பங்குதாரர் நலனோடு ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் காக்க வேண்டும் என்கிறது. 135 பேசப்படும் அளவுக்கு 166 பேசப்படுவதில்லை. பெரிய ஆலை தொடங்கும்போது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தந்து மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு அறிவிக்கை விதிக்கிறது. ஆலை ஓடத் தொடங்கிய பிறகு, ஆண்டுதோறும் வெளிவரும் சிஎஸ்ஆர் அறிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடக்கிறது. யாருக்காகச் செலவிட்டதாக அதில் எழுதியிருக்கிறதோ, அவர் அதைப் படிக்க வழியில்லை.

எண்ணூரை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கசிவு கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினார்கள். வலையும் படகும் பாழாயின. அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் ஓடினார்கள். அந்தக் கரையைச் சுற்றியுள்ள நிறுவனங்கள் பலவும் ஆண்டுதோறும் சிஎஸ்ஆர் அறிக்கை வெளியிடுபவை. அந்த அறிக்கைகளோடு, அதே ஆண்டில் காற்றிலும் நீரிலும் விட்டது என்ன, பெற்ற நோட்டீஸ்கள் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்ற கணக்கையும் தமிழில் ஒரே தாளில் தந்தால், மீனவக் குப்பத்துப் பெண் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும்.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றில் மே 1, தொழிலாளர் நாள். ஆலை இருக்கும் ஊராட்சியில் அந்தக் கூட்டத்தில் நிறுவனத்தின் பொறுப்பான அதிகாரி ஒருவர் நேரில் வந்து இந்தத் தாளை வாசிக்க வேண்டும், அடுத்த ஆண்டு அந்தப் பகுதிக்கு ஒதுக்கும் நிதியின் பட்டியலைச் சபை தீர்மானித்து அனுப்ப வேண்டும், ஏற்காவிட்டால் இயக்குநர் குழு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்று மாநில அரசு முன்மொழியலாம். முதலில் அரசின் சொந்தப் பொதுத்துறை நிறுவனங்களைக் கொண்டு தொடங்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. மணலி, எண்ணூர் போன்ற மாநகராட்சிப் பகுதிகளில் கிராம சபை இல்லை. அங்கே வார்டு தோறும் பகுதி சபைகளை ஒழுங்காகக் கூட்டுவதே முதல் வேலை. மகமைக் கணக்கு வாசித்த கூட்டத்தில் இடமில்லாமல் போன பெண்களும் எல்லாச் சாதியாரும் இந்தச் சபைகளில் சட்டப்படி உறுப்பினர்கள்.